லிங்க்ட்இன் நியூஸ்லெட்டரா, சப்ஸ்டாக்கா, வாட்ஸ்அப் சேனலா: மூணுலயும் எழுதிப் பாத்ததுல தெரிஞ்சது

2025 செப்டம்பர் 3 ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் மீட்டிங் முடிஞ்சு அறிவிப்பு வந்துச்சு, 12 சதவீத வரிலயும் 28 சதவீத வரிலயும் இருந்த பெரும்பாலான பொருளை 5க்கும் 18க்கும் மாத்தியாச்சு, 22ம் தேதிலருந்து அமல். நான் கோயம்புத்தூர்ல ஜிஎஸ்டி ரிட்டர்ன் பாக்கறவன், என் கிளையண்ட்ல நெறய பேர் ஆட்டோ பார்ட்ஸ் பண்ற சின்ன ஒர்க்‌ஷாப் வச்சிருக்கறவங்க, அவங்க சரக்கு அப்படியே 28லருந்து 18க்கு வருது. அந்த வாரம் ஒரே விஷயத்த மூணு எடத்துல எழுதினேன். வாட்ஸ்அப் சேனல்ல அன்னிக்கு ராத்திரியே நாலு வரி, லிங்க்ட்இன் நியூஸ்லெட்டர்ல மறுநாள் காலைல நீளமா ஒண்ணு, நியூஸ்லெட்டர மெயில்ல அனுப்பித் தர்ற சப்ஸ்டாக் வழியா ரெண்டு நாள் கழிச்சு நிதானமா ஒண்ணு.

வாட்ஸ்அப்ல கட்டைவிரல் எமோஜி குவிஞ்சுது, அதோட சரி. லிங்க்ட்இன்ல நல்லா ஷேர் ஆச்சு, கமெண்ட் போட்டவங்க யாருன்னு பாத்தா முக்காவாசி என்னை மாதிரியே வரி வேலை பாக்கறவங்க. மெயிலுக்கு வந்த பதில் ரொம்ப கம்மி, ஆனா ஒவ்வொண்ணும் நெஜமான கேள்வி. "28ல பில் போட்ட சரக்கு டீலர்கிட்ட கெடக்கு, 22க்கு அப்புறம் திரும்பி வந்தா கிரெடிட் நோட் எந்த ரேட்ல போடறது"ன்னு ஒருத்தர் கேட்டாரு. கிரெடிட் நோட்ங்கறது போட்ட பில்லோட தொகைய கொறச்சு குடுக்கற சீட்டு, பழைய பில்லுக்குன்னா பழைய ரேட்லதான் வரும், அத விளக்கி எழுதின பதில்லருந்து ஆரம்பிச்சுதான் அவரு இன்னிக்கு என் கிளையண்ட். தொழில் பண்றவங்க எதுல நியூஸ்லெட்டர் ஆரம்பிக்கலாம்னு என்கிட்ட கேக்கறப்பல்லாம் நான் இந்த வாரத்தைத்தான் சொல்றேன், ஏன்னா மூணுக்கும் உள்ள வித்தியாசம் இதுலயே இருக்கு.

மொதல்ல லிங்க்ட்இன், இதப் பத்திதான் நெறய பேசணும். இந்தியால மட்டும் 10 கோடி பேருக்கு மேல அக்கவுண்ட் வச்சிருக்காங்க, ஆனா அதோட நியூஸ்லெட்டரோட பலம் கூட்டத்துல இல்ல, அது ஆரம்பிக்கற விதத்துல இருக்கு. நீங்க முதல் இதழ் போட்டதும் உங்க கனெக்ஷன், ஃபாலோயர் எல்லாருக்கும் "இவரு நியூஸ்லெட்டர் ஆரம்பிச்சிருக்காரு, சப்ஸ்கிரைப் பண்றீங்களா"ன்னு லிங்க்ட்இன்னே கேட்டுடும், அவங்க ஒரு தட்டு தட்டினா போதும், மெயில் ஐடி டைப் பண்ண வேண்டியதில்ல. அதுக்கப்புறம் ஒவ்வொரு இதழுக்கும் ஆப்ல நோட்டிஃபிகேஷனும் மெயிலும் போகும். சாதாரண போஸ்ட்னா அல்காரிதம் காட்டினாத்தான் உண்டு, ரெண்டு நாள்ல காணாம போயிடும். நியூஸ்லெட்டர் கட்டுரை அப்படி இல்ல, கூகுள்ல தேடறவங்களுக்கும் அகப்படும், தேடல்ல எந்த தலைப்பு காட்டணும்னு தனியா எழுதறதுக்கு எடமும் குடுத்திருக்காங்க. நீங்க வேலை தேடறீங்க, இல்ல பெரிய கம்பெனி பர்ச்சேஸ் மேனேஜர், ஹெச்ஆர், ஃபைனான்ஸ் ஹெட் இவங்க கண்ணுல படணும்னா இத விட சீக்கிரமா நடக்கற வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஆனா அந்த ஒரு தட்டுலதான் சிக்கலும் இருக்கு. அவ்ளோ சுலபமா சேந்தவங்களுக்கு நாம எழுதறது வேணும்ங்கறது நிச்சயமில்ல, பழகின மொகம்னு தட்டிட்டு போனவங்க பாதிப்பேர். மெயில் ஐடிய டைப் பண்ணி, வந்த மெயிலத் தொறந்து உறுதி பண்ணி சேர்றவர் வேற ரகம், அவருக்கு அந்த விஷயம் தேவைப்படுது. அதனால லிங்க்ட்இன்ல ஆயிரம் சப்ஸ்கிரைபர், மெயில்ல நூறுன்னு இருந்தா மெயில் படுத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, நிறைய பேர் இத பாத்துட்டு மெயில் லிஸ்ட்ட கைவிட்டுடறாங்க, எனக்கு அது உண்மையிலயே வருத்தமா இருக்கு.

இன்னொண்ணு, லிங்க்ட்இன்ல சப்ஸ்கிரைபர் பேரெல்லாம் பாக்கலாம், ஆனா அவங்க மெயில் ஐடிய எடுத்துட்டு வெளிய வர முடியாது. லிஸ்ட் லிங்க்ட்இன்னோடது. அவ்ளோ பெரிய கம்பெனி, 2016ல மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் குடுத்து வாங்கினது, அது எங்க போயிடப் போவுதுன்னு கேப்பாங்க. கம்பெனி போகாது, அந்த வசதி போகலாம். ட்விட்டர் 2021 ஜனவரில ரெவ்யூங்கற நியூஸ்லெட்டர் கம்பெனிய வாங்கி, ப்ரொஃபைல்லயே சப்ஸ்கிரைப் பட்டன் வச்சாங்க, பாக்க அருமையா இருந்துச்சு, 2023 ஜனவரி 18ம் தேதியோட மூடிட்டாங்க. ஃபேஸ்புக் 2021 ஜூன்ல புல்லட்டின்னு ஒண்ணு பெரிய பெரிய எழுத்தாளருக்கு காசு குடுத்து ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் அக்டோபர்லயே நிறுத்தப் போறோம்னு சொல்லிட்டாங்க. புல்லட்டின்ல எழுதினவங்களுக்கு சப்ஸ்கிரைபர் லிஸ்ட்ட கையோட எடுத்துட்டு போற உரிமை இருந்துச்சு, அதனால கடை மூடினாலும் வேற எடத்துல விரிச்சுக்க முடிஞ்சுது. பிஎஃப், ஈஎஸ்ஐ பத்தி எழுதற என் நண்பர் ஒருத்தருக்கு ஒரு சோஷியல் மீடியால அக்கவுண்ட் லாக் ஆயி மூணு வருஷத்து ஃபாலோயர் மொத்தமும் போச்சு, யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியாம அலைஞ்சாரு, கையில ஒரு எக்செல் ஷீட் அளவுக்காவது லிஸ்ட் இருந்திருந்தா அடுத்த வாரமே எழுத ஆரம்பிச்சிருப்பாரு.

சப்ஸ்டாக்க நான் தேர்ந்தெடுத்ததுக்கு காரணமே இதுதான், எப்ப வேணா முழு லிஸ்ட்டையும் எக்செல்ல தொறக்கற சிஎஸ்வி ஃபைலா எறக்கிக்கலாம். 2017ல ஆரம்பிச்சது, ஃப்ரீயா எழுதினா ஒரு பைசா கட்ட வேண்டாம், காசு வாங்கி எழுதினா வர்றதுல 10 சதவீதம் அவங்களுக்கு. வெறும் மெயில் அனுப்பற சாதனமா இருந்தத இப்ப ஒரு சோஷியல் நெட்வொர்க்காவே மாத்திட்டாங்க, ஒருத்தர் இன்னொருத்தர் நியூஸ்லெட்டர சிபாரிசு பண்ற வசதி 2022ல வந்துச்சு, ட்விட்டர் மாதிரி குட்டி குட்டியா எழுதற நோட்ஸ் 2023 ஏப்ரல்ல வந்துச்சு. ஆனா அந்த சிபாரிசு எல்லாம் இங்கிலீஷ்ல எழுதறவங்களுக்கு கை குடுக்கற அளவுக்கு தமிழ்ல ஜிஎஸ்டி எழுதற எனக்கு குடுக்கல, பக்கத்துல சிபாரிசு பண்ண ஆள் வேணுமில்ல. அங்க தானா ஆள் சேரும்னு நம்பி இறங்காதீங்க, ஆள வெளியலருந்துதான் கூட்டிட்டு வரணும். காசு வாங்கற பேச்சும் இப்போதைக்கு கஷ்டம், அது ஸ்ட்ரைப்ங்கற பேமெண்ட் கம்பெனி வழியாத்தான் நடக்கும், இந்தியால 2024லருந்து ஸ்ட்ரைப் அழைப்பு இருந்தாத்தான் புது அக்கவுண்ட் தருது.

ஒரு நல்லது சொல்லணும். 2024 பிப்ரவரிலருந்து ஜிமெயில், யாஹூ ரெண்டும் மொத்தமா மெயில் அனுப்பறவங்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு, மெயில் நெஜமாவே அந்த முகவரிலருந்துதான் வருதான்னு சரிபாக்கற கட்டுப்பாடு போட்டாங்க. சொந்த டொமைன்ல அனுப்பினா அதெல்லாம் நாமதான் செட் பண்ணணும், சப்ஸ்டாக்ல அவங்க முகவரிலருந்து போறதால அந்தத் தலைவலி இல்ல. அப்பவும் சிலருக்கு ஜிமெயில்ல விளம்பர மெயிலுக்குன்னு இருக்கற ப்ரமோஷன்ஸ் டேப்ல போய் விழத்தான் செய்யுது, அதனால சேந்த உடனே போற வரவேற்பு மெயில்லயே "இதுக்கு ஒரு வரி ரிப்ளை பண்ணுங்க, உங்க தொழில் என்னன்னு சொல்லுங்க"ன்னு கேக்கறேன், அப்படி பதில் போட்டவங்களுக்கு அடுத்த மெயில் நேரா இன்பாக்ஸ்ல வர்ற வாய்ப்பு அதிகம், எனக்கும் யாருக்கு எழுதறோம்னு தெரியுது.

வாட்ஸ்அப் சேனல் பத்தி சுருக்கமா. 2023 செப்டம்பர்ல இந்தியாவுக்கு வந்துச்சு. எல்லார் ஃபோன்லயும் இருக்குங்கறதால ஆள் சேரறது வேகம், ஆனா ஃபாலோயரோட ஃபோன் நம்பர் நமக்கு காட்டாது, அவங்களால எமோஜி போடலாம், கருத்துக்கணிப்பு வச்சா ஓட்டு போடலாம், நோட்டிஃபிகேஷன் ஆரம்பத்துல மியூட்லதான் இருக்கும், அப்டேட்ஸ் பக்கம் போய் பாத்தாத்தான் தெரியும். மாசா மாசம் போடற 3பிங்கற ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு 20ம் தேதி கடைசி நாள்னு ஞாபகப்படுத்தறதுக்கு, ரேட் மாறினா உடனே சொல்றதுக்கு அருமையான சாதனம். ஒருத்தர் நம்மள நம்பி வேலை குடுக்கற அளவுக்கு பழக்கம் அங்க உண்டாகி நான் பாத்ததில்ல.

எண்ணிக்கைய வச்சு மூணையும் ஒப்பிடாதீங்க, அது சரியா வராது. மெயில் ஓப்பன் ரேட்டக் கூட முழுசா நம்ப முடியாது, 2021ல ஆப்பிள் ஐஓஎஸ் 15ல மெயில் பிரைவசி கொண்டு வந்ததுலருந்து, படிக்காத மெயிலும் தொறந்த கணக்குல வரும். நான் எண்றது ஒண்ணே ஒண்ணு, இந்த மாசம் எத்தன பேர் தன்னோட சொந்தப் பிரச்சனைய எழுதி கேட்டாங்கன்னு.

மொழி விஷயமும் இருக்கு. லிங்க்ட்இன்ல தமிழ்ல எழுதினா மதிப்பு கொறஞ்சிடும்னு நம்ம ஆளுங்க பயப்படறாங்க. பில் போடற அந்த அக்கவுண்டண்ட் பொண்ணுக்கு, லேத்துக்கு பக்கத்துல நின்னு ஃபோன்ல படிக்கற ஓனருக்கு, தமிழ்ல சொன்னாத்தான் பணம் சம்பந்தப்பட்ட விஷயம் பயமில்லாம புரியுது. நான் லிங்க்ட்இன்ல ரெண்டு மொழியும் கலந்து எழுதறேன், மெயில் முழுக்க தமிழ்.

வேலை தேடற பசங்க, பெரிய கம்பெனிக்கு கன்சல்டிங் பண்றவங்க லிங்க்ட்இன் ஒண்ணோட நிறுத்திக்கலாம், தப்பில்ல. வக்கீல்னா பார் கவுன்சில் விதி 36 விளம்பரத்துக்கு தடை போட்டிருக்கு, சிஏவுக்கும் அவங்க நெறிமுறை இருக்கு, அதனால எதுல எழுதினாலும் விஷயத்த மட்டும் சொல்லுங்க, "எங்ககிட்ட வாங்க"ன்னு எழுதாதீங்க. என்ன மாதிரி சின்ன முதலாளிங்கள நம்பி தொழில் பண்றவங்க மெயில் லிஸ்ட்ட நடுவுல வைங்க, லிங்க்ட்இன் கட்டுரையோட முடிவுல "இதோட கணக்கு ஷீட் வேணும்னா இங்க மெயில் ஐடி குடுங்க"ன்னு ஒரு லிங்க் போதும், உபயோகமான ஷீட்டா இருந்தா குடுப்பாங்க. லிங்க்ட்இன்ல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணு இதழ் எழுதி தயாரா வச்சுக்கோங்க, உங்க மொத்த கனெக்ஷனுக்கும் போற அந்த முதல் அழைப்பு ஒரு தடவைதான், அத நம்பி சேந்தவங்களுக்கு அடுத்த வாரமும் அதுக்கடுத்த வாரமும் படிக்க ஏதாவது இருக்கணும்.