பெயின்ட் அடிப்பதற்கு முன் கதவை மூடிப் பாருங்கள்: என் எம்.ஜி.பி.க்கு நடந்தது

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, டிங்கரிங் வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 6,400 பவுண்டும் கிட்டத்தட்ட இரண்டு வருடமும் போனது. பணத்தில் பெரும்பகுதி பிறகு திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தப் பட்டறையில் தூக்கி எறிந்த இரண்டு தகடுகள் வரவே வராது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

நான் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வேலைக்குப் போகிற வழியில்தான் அபிங்டன். எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களின் தொழிற்சாலை இருந்த ஊர் அது. 1962 முதல் 1980 வரை, அவர்களுடைய எம்.ஜி.பி. என்ற மாடலில் ஐந்து லட்சத்துக்கும் மேல் வண்டிகள் தயாராயின. 1980 அக்டோபரில் அபிங்டன் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அந்த ஊர் வழியாக வருடக்கணக்கில் போய் வந்ததாலோ என்னவோ, ஒரு எம்.ஜி.பி. வாங்க வேண்டும் என்பது மனதில் ஊறிப்போயிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அப்பா திருச்சியில் அம்பாசடர் வைத்திருந்தார். எம்.ஜி.பி.யின் பானெட்டை முதன்முதலில் திறந்து பார்த்தபோது எனக்கு வீட்டு வாசலில் நிற்பது போல இருந்தது. இரண்டும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் எஞ்சின் குடும்பம்தான். அம்பாசடரில் வெகுகாலம் ஓடியது 1489 சி.சி., இதில் 1798 சி.சி. அங்கே ஒரு எஸ்.யூ. கார்புரேட்டர், இங்கே இரண்டு. அம்பாசடருக்கு வேலை பார்த்த மெக்கானிக் அண்ணன் புது சாமான் எது வந்தாலும் பழையதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, விரலால் அளந்து பார்க்காமல் மாட்ட மாட்டார். "பழசத் தூக்கிப் போட்டுட்டா அப்புறம் எதை வச்சுத் தம்பி அளப்பே?" என்பார். இதை நான் மறந்துதான் கெட்டேன்.

2021 இறுதியில் 1971ஆம் வருடத்து ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத எம்.ஜி.பி. ஒன்றை வாங்கினேன். சிவப்பு, குரோம் பம்பர். எஞ்சின் நன்றாக ஓடியது. கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் சில் பேனல் துருப்பிடித்திருந்தது. தெரிந்துதான் வாங்கினேன்.

இந்த சில் பேனலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எம்.ஜி.பி.க்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் சேஸிஸ். ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. ஆக, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இழுத்துப் பிடித்திருப்பதில் பெரும் பங்கு கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டிக்குத்தான். அது ஒற்றைத் தகடு இல்லை. வெளியே தெரிவது ஒன்று, உள்ளே நடுத் தகடு ஒன்று, அடியில் கேசில் ரெயில் என்று இன்னொன்று. மூன்றும் சேர்ந்தால்தான் பலம். முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறு, சக்கரத்தை மூடியிருக்கும் பக்கவாட்டுத் தகடான முன் விங்குக்குப் பின்னால் தேங்கி, அங்கிருந்துதான் துரு உள்ளே இறங்குகிறது. இதை ஒழுங்காக மாற்ற வேண்டுமானால் முன் விங்கைக் கழற்ற வேண்டும், பின் விங்கின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும். அதோடு கதவுச் சட்டத்தின் குறுக்கே கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்தாக வேண்டும். இல்லையென்றால் வெட்டிய இடத்தில் வண்டி நடுவில் தொய்ந்துவிடும்.

ஒரு பட்டறையைப் பிடித்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. சுவர் முழுக்கப் பழைய வண்டிப் படங்கள், நல்ல பேச்சு. 2022 ஜனவரியில் 500 பவுண்ட் கிரெடிட் கார்டில் அட்வான்ஸ், மீதியைத் தவணையாக பேங்கிலிருந்து அனுப்பினேன். பாதியில் ஒரு நாள் போன் வந்தது. "முன் விங் இரண்டும் தேறாது, புதுசு போட்டுவிடுகிறோம், ஹெரிடேஜ் பேனல்தான்" என்றார்கள். சரி என்றேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. அந்த ஒரு "சரி"தான் என் பெரிய தப்பு.

என் விங் இரண்டிலும் அடியில் மூன்று அங்குலம்தான் துரு. மற்றபடி 1971இல் அச்சில் அடித்து, அந்த வண்டியோடு சேர்ந்தே வந்த தகடு. அடியை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டிருக்கலாம். நான் போய்க் கேட்பதற்குள் இரும்புக் குப்பையோடு அனுப்பிவிட்டார்கள்.

ஹெரிடேஜ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அசல் அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988இலிருந்து எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கிறது. தனித் தகடுகளும் கிடைக்கும். அசல் அச்சில் அடித்தது என்பதால் விலை கூட. அதிலும் கொஞ்சம் தட்டி நிமிர்த்தும் வேலை இருக்கும், அது நியாயம்தான். மற்றபடி சந்தையில் கிடைப்பவற்றில் ஏற்கெனவே செய்த ஒரு விங்கைப் பார்த்து அச்சு எடுத்த டூப்ளிகேட்டும் நிறைய. வளைவு மழுங்கியிருக்கும், ஓரம் மடிந்த அளவு வேறாக இருக்கும். தொலைவில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

செப்டம்பரில் வண்டி வீட்டுக்கு வந்தது. பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. குழந்தைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். முதல் வாரம் நான் எதையும் பார்க்கவில்லை, சந்தோஷம் கண்ணை மறைத்திருந்தது.

முதலில் கண்ணில் பட்டது பக்கவாட்டுக் குரோம் பட்டை. முன் விங், கதவு, பின் விங் என்று மூன்றையும் தாண்டி ஒரே கோடாக ஓட வேண்டிய பட்டை அது. என் வண்டியில் முன் விங்கில் ஓடுவது கதவில் ஓடுவதைவிட நாலு மில்லிமீட்டர் மேலே நின்றது. கீழே குனிந்து கோட்டின் நுனியிலிருந்து பார்த்தால் படி வைத்தது போல இருக்கிறது. அப்புறம் கதவு இடைவெளியைப் பார்த்தேன். அடியில் ஒன்பது மில்லிமீட்டர், மேலே மூன்று. ஓட்டுநர் பக்கக் கதவை மூடும்போது பின் மேல் மூலை உரசி, அந்தப் புதுப் பெயின்டில் நகத்தால் கீறியது போல வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

போன் செய்தேன். கீல் இறங்கியிருக்கும், கொண்டு வாருங்கள், சரி செய்துவிடலாம் என்றார்கள். கொண்டு போனேன், கீலை ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் திரும்பவும் அதே உரசல். அடுத்த முறை போனபோது, பழைய வண்டி என்றால் இப்படித்தான், அந்தக் காலத்திலேயே இடைவெளி சரியாக இருக்காது என்றார்கள். இந்தப் பேச்சை நீங்களும் கேட்பீர்கள், நம்பாதீர்கள். அபிங்டனிலிருந்து கிளம்பிய வண்டிகளின் கதவு இப்படி உரசவில்லை.

உண்மை தெரிந்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் டயர் மாற்ற வண்டியின் பக்கவாட்டில், நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். அப்போது கதவைத் திறந்து மூடினால் உரசவே இல்லை, வெண்ணெய் மாதிரி மூடுகிறது. இறக்கினேன், உரசுகிறது. திரும்பத் தூக்கினேன், உரசவில்லை. மேல் இடைவெளியில் ஒரு காசை நுழைத்துப் பார்த்தேன். தூக்கினால் நுழைகிறது, இறக்கினால் நுழையவில்லை. மனைவியையும் உள்ளே உட்காரச் சொன்னேன், இரண்டு பேர் கனத்தில் கதவைத் திறப்பதற்கே தள்ள வேண்டியிருந்தது. அதாவது வண்டி நடுவில் வளைகிறது. கீலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முப்பது பவுண்டுக்கு ஒரு குழாய்க் கேமரா வாங்கினேன், செல்போனில் மாட்டிப் பார்க்கும் வகை. உள்பக்கம் கால் வைக்கும் இடத்து மூடியைக் கழற்றி, அங்கிருந்த ஒரு துளை வழியாக சில் பேனலுக்குள் விட்டேன். ஒரு பக்கம் புதுத் தகடு, கறுப்பு பிரைமரோடு பளபளவென்று. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, என் பழைய தகடு அப்படியே நின்றது. பூச்சி அரித்த பனையோலை மாதிரி. கேமரா முனை பட்டதும் ஒரு துண்டு உதிர்ந்து கீழே விழுந்ததைப் போனில் பார்த்தேன். கேசில் ரெயிலைத் தொடவே இல்லை. பழைய துருவின் மேல் புதுத் தகட்டைப் போர்த்தி, விளிம்பை ஒட்டி, மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பில்லில் மூன்று அடுக்கும் இரண்டு பக்கமும் மாற்றியதாக எழுதியிருக்கிறது. அந்தத் துண்டு விழுந்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. என் மகளை அதில் உட்கார வைத்து 60 மைல் வேகத்தில் ஓட்டியிருக்கிறேன்.

இதை யாரும் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. 40 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து இங்கே எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வண்டிச் சோதனை கட்டாயமில்லை. சலுகை என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் பட்டறைக்காரருக்கும் அது தெரியும், அடியில் யாரும் பார்க்கப் போவதில்லை என்று. கட்டாயமில்லை என்றாலும் நாமாகக் கொண்டு போய்ச் சோதிக்கலாம். வேலை முடிந்து வந்த அன்றே அதைச் செய்யுங்கள்.

சில்லறைச் சாமான்களிலும் இதே கதைதான். அவர்களே "டியூன்-அப்" என்று பில் போட்டு, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டரைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். ஏ34 சாலையில், லாரிகளுக்கு நடுவே, ஒரு இருமல்கூட இல்லாமல் எஞ்சின் நின்றது. மலிவான ரோட்டர்களில் பித்தளையைப் பிடித்திருக்கும் ரிவெட் வழியாக மின்சாரம் கீழே தண்டுக்குக் கசிந்துவிடும், ஸ்பார்க் பிளக்குக்குப் போகாது. பழைய வண்டிக்காரர்கள் பல வருடமாகப் புலம்பும் விஷயம் இது. அதனாலேயே ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டர் ஒன்று தனியாக விற்கிறது, அதை வாங்குங்கள். கழற்றிய பழைய ரோட்டரைக் கையுறைப் பெட்டியில் போட்டு வைத்திருந்ததால் அன்று வீடு வந்தேன்.

பெட்ரோல் குழாய் இன்னும் மோசம். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் இ10, பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய வகை ரப்பரை அது தின்றுவிடும். அவர்கள் போட்ட புதுக் குழாயில் எந்த எழுத்தும் இல்லை. ஒன்பது மாதத்தில் வெடித்து, பெட்ரோல் வாடை வந்தது. மேலே ஆர்9 என்று அச்சடித்த குழாயாகப் பார்த்து வாங்குங்கள், எழுத்தில்லாத ரப்பரை வண்டிக்குள் விடாதீர்கள்.

பழைய ஸ்டாக் சாமான் எல்லாம் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட்டி பிரிக்காத பழைய லூக்காஸ் கம்பெனி சுவிட்ச், ரோட்டர் போன்றவை கிடைத்தால் அள்ளிக்கொள்ளலாம். 1967இலிருந்து தெற்கு இங்கிலாந்தின் பியூலியில் நடக்கும் பழைய சாமான் சந்தை இதற்கு நல்ல இடம். ரப்பரும் பிரேக் சீலும் மட்டும் அப்படி வாங்கக் கூடாது, பெட்டிக்குள் இருந்தாலும் அதற்கு வயசாகிவிடும்.

மரை விஷயமும் சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.பி.யில் பெரும்பாலும் யூ.என்.எஃப். என்ற அங்குல அளவு மரை. அடியில் ஒரு பிராக்கெட்டில் 5/16 அங்குல நட்டுக்குள் எம்8 என்ற 8 மில்லிமீட்டர் போல்ட்டை ஏற்றி வைத்திருந்தார்கள். 5/16 அங்குலம் என்றால் 7.94 மில்லிமீட்டர், விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் கையால் ஒரு சுற்று போகும், பிறகு இறுகும். காற்றுத் துப்பாக்கியால் அடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள். இறுகியதைப் போலத் தெரிந்தது, மரை மொத்தமும் சிதைந்து போய். அந்த நட்டுக்குச் சரியான போல்ட்டுகள் ஒரு டப்பா முப்பது பவுண்டுக்குள் வரும். அந்தச் சின்ன விஷயத்துக்குக்கூட மெனக்கெடாதவர்கள் சில் பேனலை எப்படிச் செய்திருப்பார்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

பணம் எப்படி வந்தது என்று சொல்கிறேன், இது பலருக்கு உதவும். போட்டது நிஜமாகவே ஹெரிடேஜ் விங்தானா என்று தெரிய, அதை வாங்கிய பில்லைக் காட்டுங்கள் என்று பட்டறையிடம் எழுத்தில் மூன்று முறை கேட்டேன். பதில் இல்லை. தனி இன்ஜினியர் ஒருவரிடம் வண்டியைக் காட்டி, படங்களோடு அறிக்கை வாங்கினேன். இங்கே 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தில் 75ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்து, அதில் ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தாலே, முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனமும் பொறுப்பு. அந்த 500 பவுண்ட் அட்வான்ஸ்தான் என்னைக் காப்பாற்றியது. ஐந்து மாதம் இழுத்தது, கடைசியில் 5,100 பவுண்ட் வந்தது. அதனால் அட்வான்ஸை மட்டுமாவது கிரெடிட் கார்டில் கொடுங்கள். பணமாகக் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது வண்டி வேறொருவரிடம் இருக்கிறது. தனியாக வேலை செய்யும் வயதானவர். முதல் நாளே என்னிடம் சொன்னார், பிரைமர் அடிப்பதற்கு முன் மூன்று முறையாவது வந்து பார்க்க வேண்டும், இல்லையென்றால் எடுக்க மாட்டேன் என்று. போர்த்திய தகட்டை வெட்டி எடுத்தபோது உள்ளிருந்து ஒரு வாளி துரு வந்தது. கதவுச் சட்டத்தில் குறுக்குக் கம்பி வைத்து, பழைய கதவையே மாட்டி, இடைவெளி பார்த்துப் பார்த்துப் புள்ளி வெல்டிங் வைத்து, திரும்பத் திறந்து மூடி, அப்புறம்தான் முழு வெல்டிங். விங்குக்கு, நசுங்கி ஒதுக்கிய ஒரு 1970ஆம் வருடத்து வண்டியிலிருந்து அசல் ஜோடி ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அடியில் நாலு அங்குலம் துரு. அதை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பழைய துண்டிலும் சாக்பீஸால் இடம் எழுதி அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார், நான் கேட்காமலே.

போன சனிக்கிழமை வண்டியைச் சக்கரத்தில் இறக்கினோம். நானும் அவரும் உள்ளே உட்கார்ந்து கதவை மூடினோம். அதே காசை மேல் இடைவெளியில் விட்டுப் பார்த்தேன். மேலே, நடுவே, கீழே, மூன்று இடத்திலும் நுழைந்தது. பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு முறை போய்ப் பார்த்த பிறகுதான்.