லாக்பேக் அமைத்துத் தருபவர்களுக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன்

எங்கள் அலுவலகத்தின் ஆர்டர் பதிவுச் செயலி ஜாவாவில் எழுதப்பட்டு டாம்கேட் என்ற சர்வர் மென்பொருளில் ஓடுகிறது. அதற்கு லாக்பேக் என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு லாகிங் (செயலியில் நடப்பவற்றைக் கோப்பில் பதிந்துவைப்பது) அமைக்கும் வேலையை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது, நாளுக்கொரு கோப்பு உருவாக வேண்டும், 30 நாள் கடந்தவை தாமாக நீங்க வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டிருந்தோம். சோதித்துவிட்டதாக மின்னஞ்சல் அனுப்பி முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஏழாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, ஆர்டர் எதுவும் பதிவாகவில்லை, வட்டு நிரம்பியிருந்தது. அவர்கள் அனுப்பிய ஆள், டாம்கேட்டின் வெளியீட்டு வரிகள் சேரும் கேட்டலினா.அவுட் கோப்பை அழித்தார். அப்போதும் இடம் 100 சதவீதம் நிரம்பியதாகவே காட்டவே, வட்டு பழுது என்று சொல்லிப் புதியதற்கு விலை எழுதிக் கொடுத்தார். அது பழுதே அல்ல. டாம்கேட் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை, பெயரை அழித்தாலும் இடம் விடுபடாது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர் அறியாமலிருக்க முடியுமா?

பிறகு வேறொரு நிரலாளர் வந்து பார்த்துக் காரணத்தைக் காட்டினார். லாக்பேக்கின் அமைப்புக் கோப்பான லாக்பேக்.எக்ஸ்எம்எல் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் செயலியின் வெப்-இன்ஃப் அடைவுக்குள் இருக்கும் கிளாசஸ் என்ற உள் அடைவில் இருக்க வேண்டிய அது, வெளியே வெப்-இன்ஃபிலேயே கிடந்தது. அமைப்புக் கோப்பு கிடைக்காவிட்டால் லாக்பேக் பிழை சொல்லி நிற்பதில்லை; பிழை தேடுவதற்கான நுணுக்க விவரங்கள் அடங்கிய டீபக் நிலை முதற்கொண்டு எல்லாவற்றையும் கன்சோலுக்கு (திரை வெளியீட்டுக்கு) அனுப்பத் தொடங்கிவிடும். எங்கள் சர்வரில் அந்தக் கன்சோல் வரிகள் கேட்டலினா.அவுட்டில் போய்ச் சேர்கின்றன. அதை டாம்கேட் தானாக நாள்வாரியாகப் பிரிப்பதும் இல்லை. லாக் அடைவில் ஒரு கோப்புகூட உருவாகியிருக்கவில்லை என்றால், அவர்கள் சோதித்தது எதை?

வட்டு நிரம்பியதைவிட என்னை வருத்தியது வேறொன்று. பிற சேவைகளுடன் இணையவழி பேச நாங்கள் பயன்படுத்தும் அப்பாச்சி எச்டிடிபி கிளையண்ட் 5 என்ற நிரல் தொகுப்பு, டீபக் நிலையில் அனுப்புவதையும் பெறுவதையும் அப்படியே எழுதிவைக்கும். குறுஞ்செய்திச் சேவைக்குப் போன வாடிக்கையாளர் கைபேசி எண்ணும் அவருக்கான ஓடிபியும் ஒரே வரியில் பளிச்சென்று தெரிந்தன. சர்வரில் நுழைய உரிமையுள்ள எவரும் அதைப் படித்திருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. இதே வேலையை வெளியாரிடம் கொடுக்கும் நண்பர்கள், அமைப்புக் கோப்பின் கான்ஃபிகரேஷன் குறியில் டீபக் பண்பை ட்ரூ என்று வைக்கச் சொல்லி, உங்கள் கண்ணெதிரே டாம்கேட்டைத் தொடங்கச் சொல்லுங்கள். கோப்பு எந்த இடத்தில் கிடைத்தது என்ற வரி முதலிலேயே வர வேண்டும். மறுநாள், முந்தைய நாளின் தேதியிட்ட கோப்பு லாக் அடைவில் இருப்பதை நீங்களே திறந்து பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.