செல்ஃப் அடிக்கிறது, வண்டி எழவில்லை: கையா, ஸ்கேனரா, பம்ப் கடையா?

குடியாத்தத்தில் எங்கள் மாமா வீட்டு வாசலில் இரண்டு டீசல் கார்கள் நிற்கும். ஒன்று 2003 குவாலிஸ், மற்றது அவர் மகள் ஓட்டும் 2009 ஸ்விஃப்ட். இரண்டு வருட இடைவெளியில் இரண்டும் ஒரே மாதிரி மக்கர் செய்தன. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. வெளியில் பார்க்க ஒரே நோய்தான். ஆனால் ஒன்றுக்குப் பார்த்த வைத்தியம் மற்றதற்கு ஆகாது என்பதை நாங்கள் செலவு செய்துதான் தெரிந்துகொண்டோம்.

பழைய டீசல் கார் இப்படி நின்றுவிட்டால் வேலூர்ப் பக்கம் மூன்று வழி சொல்வார்கள். பேனட்டைத் திறந்து கையாலும் கண்ணாலும் பார்ப்பது ஒன்று. கார் கம்ப்யூட்டரில் பதிந்த குறைகளைப் படிக்கும் ஸ்கேனர் போடுவது இன்னொன்று. டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்பையும் அதைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாஸிலையும் கழற்றி டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுபோவது மூன்றாவது. எந்த வண்டிக்கு எதை முதலில் செய்வது என்பதில்தான் பணமும் நாளும் வீணாகின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த டீசல் காராக இருந்தாலும் பம்ப் கடை கடைசியில்தான் வர வேண்டும்.

மூன்றுக்கும் முன்னால் பேட்டரி. செல்ஃப் சுற்றினால் பேட்டரி நல்லது என்று நினைத்துவிடுகிறோம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டில்தான் டீசல் எரிய வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் எர்த் வயரையும் கவனியுங்கள். ஸ்விஃப்ட் மாதிரி கம்ப்யூட்டர் வைத்த வண்டியில் இது இன்னும் முக்கியம். வோல்ட் விழுந்தால் கம்ப்யூட்டரே ஒழுங்காக வேலை செய்யாது.

சரி, பேட்டரி நன்றாக இருக்கிறது. இப்போது சைலன்சர் பின்னால் போய் நிற்க வேண்டும். மாமாவின் குவாலிஸை முதலில் பார்த்த மெக்கானிக் இதைச் செய்யவில்லை. செய்திருந்தால் மாமாவுக்குப் பல ஆயிரம் மிச்சமாகியிருக்கும்.

குவாலிஸில் இருப்பது 2446 சிசி எஞ்சின், பம்ப் முழுக்க மெக்கானிக்கல். இரவு முழுக்க நின்றால் காலையில் எழாது. பத்து முறை செல்ஃப் அடித்தால் எப்படியோ பிடித்துக்கொள்ளும், பிறகு நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. "பம்ப் வீக்" என்று சொல்லிக் கழற்றி, வேலூரில் ஒரு கடையில் சர்வீஸ் செய்து மாட்டினார்கள். மூன்றாம் நாள் காலை பழைய கதைதான். மாமா போனில், "என்னாப்பா, பம்ப்பையே புதுசா வாங்கணும்ன்றான்" என்றபோது குரலே இறங்கியிருந்தது.

அப்புறம்தான் பாய் வந்தார். எங்கள் தெருவிலேயே இருக்கிறவர், லாரி வேலை பார்த்த கை. பேனட்டைத் தொடவே இல்லை. என்னைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். "பொகையே வரல தம்பி. டீசலே போய்ச் சேரல. பம்ப்புக்கு முன்னாடி பாக்கலாம்" என்றார்.

அவர் பார்த்த முறை இதுதான். செல்ஃப் பத்து விநாடி சுற்றியும் புகையே வராவிட்டால் சிலிண்டருக்கு டீசல் வரவில்லை. வெள்ளைப் புகை, எரியாத டீசல் நாற்றத்தோடு வந்தால் டீசல் வருகிறது, எரிய மாட்டேன் என்கிறது. அப்போது ஹீட்டர் பிளக் (குளிர்ந்த எஞ்சினில் சிலிண்டரைச் சூடேற்றுவது), கம்ப்ரெஷன் (காற்றை அழுத்தும் பலம்), டைமிங் (டீசல் விடும் நேரம்) பக்கம் போக வேண்டும். எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக, பாரமே இல்லாததுபோல் சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், குவாலிஸில் பெல்ட்தான். மேற்கொண்டு அடித்தால் இருக்கிற வால்வும் போய்விடும்.

புகை இல்லை என்றால் மெக்கானிக்கல் பம்ப்பில் முதல் சந்தேகம் ஸ்டாப் சோலினாய்டு, அதாவது கரண்டில் டீசல் வழியைத் திறக்கும் வால்வு. பம்ப்பின் மேல் ஒற்றை வயரோடு இருக்கும். சாவி போட்டதும் அதற்கு 12 வோல்ட் வர வேண்டும், 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கரண்ட் வராவிட்டால் அது டீசல் வழியை அடைத்தே வைத்திருக்கும். ஒரு ஃபியூஸோ தளர்ந்த வயரோ காரணமாக எத்தனை பம்ப்புகளைக் கழற்றியிருப்பார்களோ. குவாலிஸில் அது சரியாக இருந்தது.

அடுத்து பாய் கேட்டது மேஸ்திரிகள் தண்ணீர் மட்டம் பார்க்கும் டியூப்பில் ஒரு முழம். ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு அந்தக் கண்ணாடி டியூப்பை மாட்டினார். ஃபில்டர் மேலிருக்கும் கை பம்ப்பை அழுத்தி ஏர் எடுத்தபின், செல்ஃப் அடித்ததும் வண்டி எழுந்தது. டியூப்பில் டீசலோடு கடுகு அளவுக் குமிழிகள் வரிசையாக ஓடின. அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெரிய குமிழி உருவாகி, டீசல் மெல்ல டாங்க் பக்கம் பின்வாங்கியதைக் கண்ணாலேயே பார்த்தேன். இரவெல்லாம் நடந்துகொண்டிருந்தது இதுதான். டாங்கிலிருந்து வரும் இரும்புக் குழாய் ஃபில்டருக்கு முன்னால் ஒரு ரப்பர் ஹோஸில் முடிகிறது. அந்த ஹோஸ் கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. டீசல் வெளியே கசியவில்லை. பம்ப் உறிஞ்சும்போது காற்று மட்டும் உள்ளே போனது. ஒரு சாண் ஹோஸும் இரண்டு கிளிப்பும் மாற்றியதோடு வேலை முடிந்தது.

இன்னும் உறுதி வேண்டுமானால் ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, பம்ப்பைவிட உயரத்தில் வைத்து, நேராகப் பம்ப்புக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அதில் வண்டி ஒழுங்காக எழுந்தால் குறை டாங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில்தான். அப்படியும் புகை வராவிட்டால், 17 நம்பர் ஸ்பானரால் நாஸில் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, செல்ஃப் அடிக்கும்போது டீசல் விட்டுவிட்டு வருகிறதா என்று பார்ப்பார்கள். இதை மெக்கானிக்கல் பம்ப்பில் மட்டும்தான் செய்ய வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஹீட்டர் பிளக் விஷயத்தில் நம் ஊர் வெயில் ஆளை ஏமாற்றும். நாலில் இரண்டு பிளக் செத்திருந்தாலும் பங்குனியிலிருந்து ஆடி வரை வண்டி ஒன்றும் காட்டிக்கொள்ளாது. மார்கழிக் காலையில் வெள்ளைப் புகை கக்கும். ஏலகிரியில் ஓர் இரவு நிறுத்தினால் நிச்சயம் தெரியும். ஒவ்வொரு பிளக்கும் நல்ல நிலையில் ஒரு ஓம் அளவோ அதற்குக் கீழோ காட்டும். செத்தது ஒன்றுமே காட்டாது. இது வீட்டிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கிற வேலை.

நேர்மாறாக, காலையில் நன்றாக எழுந்து, கத்திரி வெயிலில் ஓட்டி நிறுத்திய பிறகு மட்டும் எழவில்லை என்றால் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகப்படுவதில் அர்த்தமில்லை. சூட்டில் டீசல் நீர்த்துப்போகும். தேய்ந்த பம்ப்புக்குள் அது உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது. ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் சுற்றிப் பத்து நிமிடம் ஆறவிட்டு அடித்துப் பாருங்கள். எழுந்தால் பம்ப் கடைக்குப் போக உங்களுக்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது.

ஸ்விஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன். 1248 சிசி, காமன் ரயில்: அதிக அழுத்தத்தில் டீசலை ஒரு பொதுக் குழாயில் (ரயில்) தேக்கி, கம்ப்யூட்டர் சொல்லும்போது சிலிண்டருக்கு விடும் முறை. இங்கே பாயின் ஸ்பானருக்கு முதல் இடம் இல்லை, அதை அவரே சொல்லிவிட்டார். காமன் ரயிலில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். பைப் நட்டைத் தளர்த்தினால் ஊசிபோல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னப் புள்ளியாகத்தான் இருக்கும். விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். பழைய வண்டியில் பழகிய கை இந்த வண்டியில் அதையே செய்வதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஸ்விஃப்ட்டுக்கு ஒருவர் நாலு இன்ஜெக்டரும் (கம்ப்யூட்டர் இயக்கும் நாஸில்) மாற்றச் சொன்னார். ஸ்கேனர் வைத்திருந்த இன்னொரு பையன் செல்ஃப் அடிக்கச் சொல்லித் திரையைக் காட்டினான். எஞ்சின் சுற்றுகிறது, திரையில் ஆர்பிஎம் பூஜ்யம். கூடவே பி 0335 என்ற பிழைக் குறியீடு, அதாவது எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரில் குறை. எஞ்சின் சுற்றுவதே தெரியாதபோது கம்ப்யூட்டர் எப்படி டீசல் விடும்? சென்சார் மாற்றியதும் எழுந்தது. பத்து நிமிட வேலை. இதைக் கையால் தேடியிருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

ஆனால் ஸ்கேனர் சொல்வதெல்லாம் தீர்ப்பு இல்லை. பி 0087 என்று வந்தால் ரயிலில் அழுத்தம் குறைவு, அவ்வளவுதான். ஃபில்டர் அடைத்திருக்கலாம், காற்று இழுக்கலாம், ரெகுலேட்டர் வால்வு போயிருக்கலாம், இன்ஜெக்டர் பின்வழியில் கசியலாம், பம்ப்பே தேய்ந்திருக்கலாம். அந்தக் குறியீட்டைப் பார்த்ததும் பம்ப் மாற்றச் சொல்கிறவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். ஃபில்டரைப் பார்த்துவிட்டு, நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பிலும் ஒரே அளவு சின்ன பாட்டில் மாட்டிச் செல்ஃப் அடித்தால், எது மற்றதைவிட அதிகம் நிரம்புகிறதோ அது குற்றவாளி. ரிட்டர்ன் பக்கம் அழுத்தம் குறைவு. ஆனாலும் தெரிந்த ஆளை வைத்தே செய்யுங்கள். ஆக, ஸ்கேனர் காட்டிய இடத்தில் கடைசியில் கைதான் தேட வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கென்று ஒரு மலிவான புளூடூத் ஸ்கேனர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கார் கம்ப்யூட்டரோடு ஸ்கேனர் பேசும் பொது முறையான ஓபிடி 2 நம் நாட்டில் கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய கார்கள் சிலவற்றோடு அந்தக் கருவி பேசாது. குவாலிஸ் மாதிரி வண்டிக்கு அது எதற்குமே உதவாது. நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கி, உங்கள் காரில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பம்ப் கடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பழைய ஆட்கள் இன்னும் 'மைக்கோ பம்ப்' என்றுதான் சொல்வார்கள். 2008-ல் அந்த நிறுவனத்தின் பெயர் பாஷ் என்று மாறியும் பேச்சு மாறவில்லை. பெஞ்சில் ஏற்றி ஒவ்வொரு பைப்பிலும் எத்தனை மில்லி வருகிறது என்று அளக்கிற வேலையை வேறு யாரும் செய்ய முடியாது. நாஸிலை டெஸ்டரில் மாட்டி நெம்புகோலை அழுத்தினால், நல்லது மூடுபனிபோல் தெளிக்கும், கெட்டது சொட்டும். அதை நீங்களே நின்று பாருங்கள். பாதகம் என்னவென்றால், பம்ப்பைக் கழற்றி மாட்டும்போது டைமிங் கொஞ்சம் நகர்ந்தாலும் இல்லாத நோய் ஒன்று புதிதாக வந்துவிடும். அதனால் மார்க் போட்டுக் கழற்றுகிறாரா, டயல் கேஜ் (நுணுக்கமாக அளக்கும் முள் கருவி) வைத்து மாட்டுகிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

அவசரத்தில் சிலர் காற்று இழுக்கும் வழியில் சட்டென்று தீப்பிடிக்கும் ஈதர் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் வண்டியில் அது நேரம் வருமுன்னே வெடிக்கும், பிஸ்டன் உடையும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் டீசல் வராத வண்டிக்கு உதவாது. பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் ஓரம் கட்டிவிட்டு, செல்ஃப்பை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். மெக்கானிக்குக்குப் போன் போடும்போது வண்டி மெக்கானிக்கல் பம்ப்பா காமன் ரயிலா, புகை வந்ததா, என்ன நிறம், ஆர்பிஎம் முள் அசைந்ததா என்று இந்த நாலையும் சொல்லுங்கள். எந்தச் சாமானோடு கிளம்ப வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.