மலையில் பெட்ரோல் குடித்த காரும் 900 ரூபாய் ஸ்கேனரும்

கேத்தியில் வசிக்கும் எங்களிடம் இருப்பது 2014-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். உதகைக்கும் குன்னூருக்கும் போய்வரும் அன்றாட ஓட்டத்தில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்துவந்த அது, சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்து 10-க்கு வந்து நின்றது. சமவெளியில் உள்ள ஒரு சர்வீஸ் நிலையத்தில் ஸ்பார்க் பிளக்குகளையும் ஏர் ஃபில்டரையும் மாற்றி, த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள்; மைலேஜ் அசையவில்லை. மறுமுறை சென்றபோது, மலையில் ஓடும் காருக்கு இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்றும், வேண்டுமானால் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து எஞ்சின் கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். பல ஆயிரம் ரூபாயை ஊகத்தின் பேரில் செலவழிக்க மனம் வராமல், காரின் கணினி தன்னைத்தானே சோதித்து வைத்திருக்கும் விவரங்களைப் படித்துக் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை, இ.எல்.எம். 327 என்ற சிப் வகையைச் சேர்ந்த ப்ளூடூத் கருவியாக, 900 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கு மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

மலை பெட்ரோலைக் கேட்கும் என்பது உண்மைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏற வேண்டும். 1,000 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 2 லிட்டர் பெட்ரோல் எரியும் என்று கணக்கிட்டால் வருகிறது. ஆனால் அந்த மலை சென்ற ஆண்டும் இதே மலைதான். அதே சாலையில், அதே பெட்ரோல் பங்கில் டேங்க் நிரம்ப நிரப்பி அளந்தபோதும் 3 கிலோமீட்டர் குறைந்திருந்தது என்றால், குறை காரில்தான் இருக்க வேண்டும்.

ஸ்கேனர் தீப்பெட்டி அளவே இருக்கிறது. ஸ்டியரிங்கிற்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் செருகி, சாவியைத் திருப்பி, கைபேசிச் செயலியில் இணைத்தால் எஞ்சின் கணினி காணும் அளவுகளை நாமும் காணலாம். பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை. சர்வீஸ் நிலையத்தார் காரில் கோளாறு இல்லை என்று முடிவு செய்ததும் அதை வைத்துத்தான். ஆகவே குறியீடுகளை விட்டுவிட்டு, ஓடும்போது மாறும் எண்களைக் கவனித்தேன். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பிய நிலையில் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாய்) அழுத்தம் உதகையில் 78 கிலோபாஸ்கல், மேட்டுப்பாளையத்தில் 98 என்று காட்டியது. இரண்டும் அந்தந்த உயரத்தின் காற்றழுத்தத்தோடு பொருந்தியதால் அந்த சென்சார் சரியாக இருக்கிறது என்று தெரிந்தது. கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் செய்துகொள்ளும் திருத்தமான ஃபியூயல் ட்ரிம், கூட்டல் கழித்தல் 3 சதவீதத்துக்குள்ளேயே நின்றது; ஆக்சிஜன் சென்சார் பொய் சொல்கிறது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை.

விடை கிடைத்தது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பநிலையில்தான். எங்கள் காரில் வெப்பமானி முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் எரியும் நீல விளக்கு மட்டுமே உண்டு. அது அணைந்துவிட்டதால் எஞ்சின் சூடேறிவிட்டது என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தோம். என் மகன் பக்கத்து இருக்கையில் அமர்ந்து எண்களைக் குறித்துக்கொண்டு வந்தபோது, உதகைக்கு ஏறும்போதுகூட 72 டிகிரியைத் தாண்டவில்லை. குன்னூரைக் கடந்து பர்லியார் நோக்கி இரண்டாம் கியரில் இறங்குகையில் அது 56-க்கு விழுந்தது. சரியான எஞ்சினில் இது 85-க்கும் 95-க்கும் இடையில் நிற்க வேண்டும். எஞ்சின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கூலன்ட் ஓயாமல் ரேடியேட்டருக்குச் சென்று ஆறிக்கொண்டே இருக்கும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கணினி எண்ணிக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும், ஐட்லிங் வேகத்தை உயர்த்தி வைக்கும். ஆயிலும் தடிப்பு குறையாமல் உராய்வைக் கூட்டும். கோயம்புத்தூர் வெயிலில் ஓரளவு மறைந்துபோகக்கூடிய இந்தக் கோளாறு, காலை 6 டிகிரி குளிரில் பாலுக்கும் பள்ளிக்கும் மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் காரில் நாள்தோறும் பணத்தைத் தின்றுகொண்டிருந்தது. சமவெளிப் பட்டறையில் இது அகப்படாமல் போனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

குன்னூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் காட்டினார். குளிர்ந்த நிலையில் மூடியிருக்க வேண்டிய வால்வு அரை விரற்கடை திறந்திருந்தது. புதிய தெர்மோஸ்டாட், புதிய கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் ஆயிற்று. அன்று மாலையே 90 டிகிரியை ஸ்கேனரில் கண்டபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. அடுத்தடுத்த இரண்டு டேங்க்களில் மைலேஜ் 12-க்கு ஏறியது.

மீதி ஒரு கிலோமீட்டரை இந்தக் கருவியால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்தபோதுதான், ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகி இடது சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. சரிவில் நிறுத்தும்போதெல்லாம் ஹேண்ட் பிரேக்கை முழு பலத்தோடு இழுக்கும் நம் ஊர்ப் பழக்கத்தில் இது அடிக்கடி நேரும். சக்கரத்தின் இறுக்கத்தை எஞ்சின் கணினி தனித்துக் காட்டாது, ஸ்கேனரும் காட்டாது.

வாங்குவோர் கவனிக்க வேண்டிய குறைகள் உண்டு. செயலி காட்டும் உடனடி மைலேஜை நம்ப வேண்டாம். பல கார்களில் அது காற்றழுத்தத்தையும் எஞ்சின் அளவையும் வைத்துப் போடும் மதிப்பீடுதான், டீசல் கார்களில் இன்னும் தவறும். சாதாரண ப்ளூடூத் கருவி ஐபோனில் இணையாது. அதற்கு வைஃபை அல்லது குறைந்த மின்சக்தி ப்ளூடூத் வகை வேண்டும். மலிவான நகல்கள் சில கட்டளைகளுக்குப் பதில் தருவதில்லை. எங்களுடையதும் நீண்ட பயணத்தில் இருமுறை இணைப்பை இழந்தது. இந்தியாவில் ஓ.பி.டி. 2 என்ற தரமுறை 2013-இல் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முந்தைய கார் வைத்திருப்பவர்கள் சாக்கெட் இருக்கிறதா, கருவி இணைகிறதா என்று பார்த்த பிறகு வாங்குவது நல்லது. சாவியை அணைத்த பின்னும் அந்த சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். உறைபனிக் காலத்தில் பேட்டரி ஏற்கெனவே சோர்ந்திருக்கும் என்பதால், இரவில் கருவியைக் கழற்றி வைத்துவிடுகிறேன்.