வாட்டிலை வெட்டுவதா, விட்டுவைப்பதா?

நீலகிரியிலும் பழனி மலையிலும் 2,000 மீட்டருக்கு மேலே மண்ணின் சொந்தச் செடிகொடிகள் இரண்டு விதமாக வாழ்கின்றன. ஈரமான மடிப்புகளில் சோலைக்காடு, காற்று அடிக்கும் மேடுகளில் புல்வெளி. இவற்றுக்கு நடுவே ஆங்கிலேயர் காலத்தில் வந்து சேர்ந்தது ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரம். நீலகிரியில் சீகை என்பார்கள். தோல் பதனிட அதன் பட்டை வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டார்கள், அதுவும் பெரும்பாலும் புல்வெளியில். மரம் இல்லாத இடம் என்றால் வீணாகக் கிடக்கும் இடம் என்றுதான் அப்போது நினைத்தார்கள். தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல்கூட இந்த மலைச் சதுப்புகளில்தான் வளர்கிறது. அது யார் கணக்கிலும் வரவில்லை. பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

சரி, இருக்கும் வாட்டிலை என்ன செய்வது? மலையின் மேல் அக்கறை உள்ளவர்களே இதில் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள்.

வெட்ட வேண்டும் என்பவர்களின் நியாயம் வலுவானது. வரையாடு, நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவை, நீலக்குறிஞ்சி எல்லாவற்றுக்கும் திறந்த புல்வெளி வேண்டும். தண்ணீரும் இதில் அடக்கம். ஊட்டி அருகே க்ளென்மார்கனில் புல்வெளியைக் கற்பூர மர (யூகலிப்டஸ்) தோட்டமாக மாற்றி அளந்தபோது, முதல் பத்தாண்டுகளில் ஓடையின் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. அயல் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கென்றே தமிழக அரசு 2022-ல் ஒரு கொள்கையை வெளியிட்டது.

ஆனால் வெட்டுவது ஒரு நாள் வேலை இல்லை. வாட்டில் விதையின் ஓடு கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரம் போய் வெயில் தரையில் பட்டதும், அல்லது தீ ஓடியதும், நாற்றுப்பாத்தி போல முளைத்து வரும். சில வகைகள் வேரிலிருந்தும் தளிர்க்கும். காலியான இடத்தில் யூபடோரியம் போன்ற களைகளும் புகுந்துவிடும். அடுத்த பல ஆண்டுகளுக்கு வந்து வந்து பிடுங்க ஆளும் பணமும் இல்லையென்றால், வெட்டாமல் இருப்பதே மேல் என்பேன்.

விட்டுவைக்கலாம் என்பவர்கள் கண்ணால் கண்டதை வைத்துப் பேசுகிறார்கள். வயதான வாட்டில் தோப்புக்குள் நுழைந்து தரையைப் பாருங்கள்: பக்கத்தில் சோலை இருந்தால், அங்கே சோலை மரக் கன்றுகள் தலைகாட்டும். சின்னானும் மரப்புறாவும் பழம் தின்று விதையைப் போடுகின்றன. மேலே நிழல் இருப்பதால் உறைபனி கன்றைக் கருக்குவதில்லை. கொடைக்கானல் வட்டக்கானலில் சோலைக் கன்றுகளை வளர்த்து நட்ட பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பல்கரும் இப்படித் தானாக வரும் சோலையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். செலவே இல்லாத வழி. ஒரே குறை, இதில் திரும்பி வருவது காடு; நாம் இழந்தது புல்வெளி. சோலை மரமும் சொந்த மரம்தான், ஆனாலும் அதன் நிழலில் குறிஞ்சி பூக்காது.

என் முடிவு இடத்துக்கு இடம் மாறும். சோலையை ஒட்டிய பழைய தோப்பில், கன்றுகள் ஏற்கெனவே எழுந்திருந்தால், கோடரியை எடுக்க வேண்டாம். நெருக்கமாக நிற்கும் சில வாட்டில்களின் பட்டையை மட்டும் சுற்றி உரித்துவிட்டால், அவை நின்றபடியே மெல்லக் காயும், வெளிச்சமும் மெல்ல இறங்கும். சோலையிலிருந்து தள்ளி, நடுப் புல்வெளியில் இருக்கும் தோப்பை வெட்டலாம், தொடர்ந்து பார்த்துக்கொள்ள முடியும் என்றால்.

இந்த இரண்டையும்விட அவசரமான வேலை வேறு. மிச்சமிருக்கும் புல்வெளியின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு வாட்டில் கன்றுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. மழை முடிந்து மண் இளகியிருக்கும்போது கையாலேயே வேரோடு வந்துவிடும். காய்த்து விதை கொட்டும் முன் பிடுங்கினால் அதோடு சரி. முதல் ரூபாயும் முதல் ஆளும் இங்கேதான் போக வேண்டும்.

அப்புறம், வெட்டிய இடத்தில் எதை நடுவது? புல்லைத்தான். விதையைத் தூவுவதைவிடத் தூர் பிரித்து நடுவது எனக்குப் பிடிக்கும். சரிவில் மண்ணைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தத் தூரை நல்ல புல்வெளியைத் தோண்டி எடுக்கக் கூடாது, கொஞ்சம் எடுத்து நர்சரியில் பெருக்க வேண்டும். சோலைக் கன்றுகளைக் கொண்டுவந்து புல்வெளியில் நடும் விழாக்கள் மனதை வருத்துகின்றன. பெரும்பாலான சோலைக் கன்றுகள் அங்கே உறைபனியில் கருகிவிடும். காட்டுப் பூவரசு போல ஒன்றிரண்டுதான் திறந்த புல்லில் தாக்குப்பிடிக்கும். அந்தக் கன்றுகளுக்கு ஓடைக்கரையும், சிதைந்த சோலையின் ஓரமும் காத்திருக்கின்றன.

2018-ல் பூத்துக் காய்ந்த நீலக்குறிஞ்சியின் விதைகளிலிருந்து வந்த செடிகள் இப்போது புல்லோடு புல்லாக வளர்கின்றன. 2030-ல் அவை பூக்க வேண்டும். கன்று பிடுங்கப் போகிறவர்கள் அந்தச் சரிவுகளிலிருந்து தொடங்கட்டும்.