பழைய மினியின் முன் சஸ்பென்ஷன்: ரப்பர் கோனா, காயில் ஸ்பிரிங்கா, காயில்-ஓவரா?

பழைய மினி வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் முன் சஸ்பென்ஷனில் வந்து நிற்கும். "ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு காயில் ஸ்பிரிங் போடு, கார் மிதக்கும்" என்பார் ஒருவர். "காயில் போட்டால் அப்புறம் அது மினியே இல்லை" என்பார் மற்றவர். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, அவரவர் காரில் எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதைப் பொறுத்தது.

1959இல் வெளிவந்து 2000 வரை தயாரான மினியைப் பற்றித்தான் இங்கே பேச்சு. காரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். ரப்பர் சஸ்பென்ஷன் அலெக்ஸ் மோல்டனின் கைவண்ணம். ரப்பரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஆரம்பகால மினியின் எடை ஏறத்தாழ 600 கிலோதான். நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் காரின் எடையில் கிட்டத்தட்ட பாதி கூடிவிடும். ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது மென்மையாக இருக்கிற சாதாரண ஸ்பிரிங், நாலு பேர் ஏறியதும் அடிதட்டும். நாலு பேரைத் தாங்குகிற ஸ்பிரிங்கோ ஒருவர் மட்டும் போகும்போது தூக்கித் தூக்கிப் போடும். ரப்பர் கோன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் கூம்பு வடிவ ரப்பர், அமுங்க அமுங்க விறைப்பு கூடிக்கொண்டே போகும், அதனால் இரண்டு நிலைமையையும் ஒரே பாகம் சமாளித்தது. அளவிலும் சிறியது. 10 அங்குல சக்கரம் போட்ட காரில் வேறு எதை வைப்பதற்கும் அதிக இடமில்லை.

சக்கரம் மேலே ஏறும்போது, அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளில் மேலே உள்ளதான மேல் ஆர்ம் நெம்புகோலாக வேலை செய்கிறது. ஆர்மின் மேல் ஒரு நக்கிள் ஜாயின்ட், அதாவது நைலான் கிண்ணத்தில் உட்கார்ந்த இரும்புக் குண்டு. அதற்கு மேல் டிரம்பெட் என்று எல்லோரும் சொல்கிற அலுமினிய முட்டு. அதன் அகன்ற பக்கம் சப்ஃப்ரேம் டவருக்குள், அதாவது சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் உயர்ந்த பகுதிக்குள், இருக்கும் கோனை அழுத்துகிறது. முன்பக்கத்தில் டிரம்பெட் 1 மி.மீ. நகர்ந்தால் சக்கரம் ஏறத்தாழ 3 மி.மீ. நகரும், பின்பக்கத்தில் ஏறத்தாழ 5 மி.மீ. இனி வரப்போகும் பாதிப் பிரச்சினைகளுக்கு வேர் இந்தக் கணக்குதான்.

பாகம் வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. "கார் கட்டை மாதிரி ஓடுகிறது" என்று வருகிற பல புகார்களில் கோன் குற்றவாளியே இல்லை. நக்கிள் ஜாயின்டின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, கிரீஸ் வடிந்துபோயிருக்கும். கழற்றிப் பார்த்தால் குண்டின் தலையில் துருப்பிடித்த வளையம் தெரியும், நைலான் கிண்ணம் ஒரு பக்கமாகத் தேய்ந்து சில சமயம் ஓட்டையே விழுந்திருக்கும். மேல் ஆர்மின் ஷாஃப்ட் ஊசி பேரிங்கில் சுழல்கிறது. அதற்கென்று இருக்கும் நிப்பிளில் வருஷக்கணக்கில் கிரீஸ் கன் வைக்காமல் விட்டால், ஷாஃப்டில் ஊசிகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருக்கும். இந்த இரண்டும் இறுகிப்போன காரில் எந்த ஸ்பிரிங் போட்டாலும் தடதடப்பு போகாது. காயில் கிட் போட்டதும் கார் அடியோடு மாறிவிட்டது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கூடவே நக்கிளும் புதிதாகப் போட்டீர்களா என்றுதான். பெரும்பாலும் பதில் ஆமாம்.

புதிய கோன், பழைய டிரம்பெட்

மிக எளிய வழி இதுதான். பழைய கோனை எடுத்துவிட்டு அதே அமைப்பில் புதியதைப் போடுவது. ரப்பர் காலப்போக்கில் அமுங்கிப்போகும். விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உயரம் குறைந்துவிடும். கார் தாழ்ந்து, பம்ப் ஸ்டாப் (சக்கரம் மேலே ஏறும் எல்லையில் இருக்கும் தடை) வரை இருக்கும் இடைவெளி சுருங்கி, சின்னப் பள்ளத்துக்கே அடிதட்டும். ரப்பர் கெட்டியாகிவிட்டது என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி இப்படி அடிதட்டுவதுதான்.

ஆஃப்டர்மார்க்கெட் கோன்களில், அதாவது வெளி நிறுவனங்கள் செய்து விற்பவற்றில், கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கறுப்பு ரப்பர், நடுவே இரும்பு, எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். தரம் இருப்பது ரப்பர் கலவையிலும் அது இரும்போடு ஒட்டியிருக்கும் விதத்திலும். மட்டமான கோன் சீக்கிரமே உட்கார்ந்துவிடும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் உட்காராது. நல்ல கோனும் புதிதில் காரை உயர்த்தியே நிறுத்தும், சில வாரங்கள் ஓடிய பிறகுதான் தன் உயரத்துக்கு இறங்கும். போட்ட அன்றே காரைப் பார்த்துப் பதறி எதையும் வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம்.

இந்த வழியின் குறை, உயரத்தைச் சரிசெய்ய வழியில்லை என்பது. இடது பக்கம் 10 மி.மீ. தாழ்ந்து நின்றால் டிரம்பெட்டுக்கும் நக்கிளுக்கும் நடுவே வாஷர் வைக்க வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். 10 மி.மீ. உயர்த்த சுமார் 3 மி.மீ. வாஷர் போதும். அசல் நிலையிலேயே காரை வைத்திருக்க விரும்புபவர்கள் இந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

புதிய கோன், அட்ஜஸ்டபிள் டிரம்பெட்

என் ஓட்டு இதற்குத்தான். டிரம்பெட் ஒரே துண்டாக இல்லாமல் மரை போட்ட இரண்டு துண்டாக இருக்கும். ஸ்பேனர் வைத்துத் திருகினால் நீளம் கூடும், குறையும். ஹை-லோ என்ற பெயரில் பரவலாகத் தெரியும். கோன் உட்கார்ந்த பிறகு இரண்டு பக்கத்தையும் சமன்படுத்தலாம், சில வருஷங்களில் இன்னும் கொஞ்சம் இறங்கினால் திரும்பவும் ஏற்றலாம். சவாரியின் குணம் மாறாது, ரப்பர் ரப்பராகவே இருக்கும்.

ஆனால் இதை வாங்குபவர்களில் பெரும்பாலோர் உயரத்தைச் சமன்படுத்த வாங்குவதில்லை, காரைத் தரையோடு ஒட்டவைக்க வாங்குகிறார்கள். மூன்று மடங்குக் கணக்கு அங்கே காலை வாரிவிடும். டிரம்பெட்டில் 10 மி.மீ. குறைத்தால் சக்கரத்தில் 30 மி.மீ. போய்விடுகிறது. பம்ப் ஸ்டாப் வரை இருந்த இடம் அநேகமாகத் தீர்ந்துபோகும். முன் சக்கரங்களின் கேம்பர், அதாவது செங்குத்திலிருந்து சாயும் அளவு, மாறி மேல்பக்கம் உள்ளே சாயும். 1984க்குப் பிறகு வந்த 12 அங்குலச் சக்கரத்திலோ, பின்னாளில் போட்ட 13 அங்குலச் சக்கரத்திலோ டயர் ஆர்ச்சில், அதாவது சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் பாடி விளிம்பில், உரசும். இன்னொன்று ஜாக்கி போட்டுத் தூக்கும்போது தெரியவரும். சக்கரம் தொங்கும்போது, குட்டையாக்கிய டிரம்பெட்டுக்கும் கோனுக்கும் நடுவே இடைவெளி விழுந்து நக்கிள் தன் கிண்ணத்தை விட்டு நழுவிவிடலாம். அது தெரியாமல் காரை இறக்கினால் குண்டு கிண்ணத்தின் விளிம்பில் உட்காரும். தாழ்த்திய காரில் ஒவ்வொரு முறை சக்கரம் கழற்றிய பிறகும் இதைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

மரை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையைப் பூசாமல் போடாதீர்கள். அலுமினியமும் இரும்பும் சேர்கிற இடம், உப்பும் ஈரமும் பட்டால் இரண்டே மழைக்காலத்தில் அட்ஜஸ்டபிள் டிரம்பெட் அட்ஜஸ்ட் ஆகாத டிரம்பெட்டாகிவிடும்.

கோன் இருந்த இடத்தில் காயில்

இந்த கிட்டில் டவருக்குள் கோன் இருந்த அதே இடத்தில் குட்டையான, தடித்த காயில் ஸ்பிரிங் உட்காரும். டிரம்பெட், ஆர்ம் எல்லாம் அப்படியே. சின்னச் சின்ன அதிர்வுகள் உடனே குறைவது உண்மைதான். சாலையின் ஒட்டுத் தழும்புகளை ரப்பர் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும், காயில் பலவற்றை விழுங்கிவிடும். முதுகுவலிக்காரர்கள் காயிலுக்கு மாறியதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ரப்பர் மாதிரி காயில் நாள்பட அமுங்கியும் போகாது.

இதற்கு விலையாகக் கொடுப்பது இரண்டு. ரப்பர் அமுங்கி விரியும்போது ஆற்றலில் ஒரு பகுதியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், அதனால் ஷாக் அப்சார்பருக்கு வேலை குறைவு. காயில் அப்படி எதையும் உறிஞ்சாது, வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். ரப்பரோடு சமாளித்துக்கொண்டிருந்த பழைய ஷாக்கை அப்படியே விட்டுக் காயில் போட்டால் பள்ளத்துக்குப் பிறகு முன்பக்கம் இரண்டு மூன்று முறை தலையாட்டும். ஆகவே கிட்டின் செலவோடு நல்ல ஷாக் அப்சார்பரின் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். அடுத்தது, ரப்பரின் கூடிக்கொண்டே போகும் விறைப்பு காயிலில் கிடைக்காது. வளைவில் கார் அதிகம் சாயும், நாலு பேரோடு போனால் அடிதட்டும். மினிக்கென்றே உள்ள அந்தத் தட்டையான, ஸ்டீயரிங்கைத் தொட்டதும் திரும்புகிற குணம் கொஞ்சம் மழுங்கும். விறைப்பான காயில் வாங்கினால் சாய்வு குறையும், ஆனால் எதற்காக மாறினோமோ அந்த மென்மையும் போய்விடும்.

பின்பக்கத்தை மறந்துவிடக் கூடாது. முன்னால் காயிலும் பின்னால் பழைய ரப்பருமாக ஓட்டினால் கார் தொட்டில் ஆடுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆடும். மாற்றுவதென்றால் நாலு மூலையும் ஒன்றாக.

காயில்-ஓவர்

ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் வருகிற அமைப்பு. கோனும் டிரம்பெட்டும் இனி வேண்டாம், டவர் காலி. உயரம், விறைப்பு, டாம்பிங் (ஆட்டத்தை அடக்கும் அளவு) எல்லாவற்றையும் வெளியிலிருந்தே திருகிக்கொள்ளலாம். பந்தயப் பாதையில் ஓட்டுபவருக்கு இதன் அருமை தெரியும்.

சாலையில் ஓடும் அசல் பாடிக்கு இதை நான் சொல்லமாட்டேன். மினியில் முன்பக்க எடை முழுவதையும் தாங்குவது சப்ஃப்ரேம் டவர். முன் ஷாக்கின் மேல்முனையைப் பிடித்திருப்பது உள் விங்கில், அதாவது எஞ்சின் அறையின் பக்கத் தகட்டில், போல்ட் போட்ட ஒரு சின்ன பிராக்கெட். ஷாக் அப்சார்பரின் இழுப்பைத் தாங்க மட்டுமே அதை வைத்தார்கள். காயில்-ஓவர் போட்டதும் முன்பக்க எடை மொத்தமும் அந்தத் தகட்டுக்குப் போகிறது. ஏற்கெனவே துரு அரித்த விங்காக இருந்தால் முதலில் பெயின்ட் வெடிக்கும், பிறகு தகடே கிழியும். பிராக்கெட்டை மாற்றி, பின்னால் தகடு வைத்து வெல்டிங் செய்து பலப்படுத்தாமல் இதைத் தொடக்கூடாது. விற்பவர்கள் "அப்படியே போல்ட் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஹைட்ரோலாஸ்டிக் கார்கள்

1964 முதல் 1969 வரை வந்த மினி சலூன்களிலும், 1971 வரை வந்த கூப்பர் எஸ் காரிலும் திரவம் நிரப்பிய ஹைட்ரோலாஸ்டிக் அமைப்பு உண்டு. ஒரே பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் குழாய் வழியே இணைந்திருக்கும். இந்தக் காரைக் கோனுக்கு மாற்றுவது வெறும் ஸ்பிரிங் வேலை இல்லை. சப்ஃப்ரேமிலேயே வித்தியாசம் இருக்கிறது, ஷாக் அப்சார்பருக்கு இடமும் செய்ய வேண்டும். ஒழுகாத அமைப்பு கையில் இருந்தால் அதைத் தொடாமல் பராமரிப்பதே நல்லது.

மாட்டும்போது

கோனைக் கழற்ற அதற்கென்ற கம்ப்ரஸர் வேண்டும். டவரின் தலைப்பக்கத் துளை வழியாக அதன் தண்டை இறக்கி, கோனின் நடுவில் உள்ள மரையில் ஏற்றி, கோனை மேலே இழுத்துப் பிடித்தால்தான் டிரம்பெட் தளரும். பழைய கோனில் அங்குல மரை, பிந்தையதில் மெட்ரிக். தண்டு கையாலேயே சுலபமாக, பல சுற்று ஏற வேண்டும். ஸ்பேனர் கேட்டால் அது தவறான தண்டு. இரண்டு சுற்று மட்டும் ஏற்றி இழுத்தால் மரை பிய்த்துக்கொண்டு கோன் சட்டென்று விரியும், கை நடுவில் இருக்கக்கூடாது.

கழற்றுவதற்கு முன் சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஆர்ச் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். கீழ் ஆர்மின் உள்முனை நட்டை, கார் தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் அங்கிருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். உயரம் மாறினால் டோ அளவும், அதாவது முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்ளே (டோ-இன்) அல்லது வெளியே (டோ-அவுட்) திரும்பியிருக்கும் அளவும், மாறும். மினியின் முன் சக்கரங்களுக்கு 1.6 மி.மீ. டோ-அவுட் வைக்க வேண்டும். மற்றக் கார்களின் பழக்கத்தில் அலைன்மென்ட் செய்பவர் டோ-இன் வைத்துக் கொடுத்துவிடுவார், அளவை எழுதியே கொடுத்துவிடுங்கள். கோன் போட்டிருந்தால் அது உட்காரும்வரை பொறுத்து அலைன்மென்டுக்குப் போகலாம், இல்லையென்றால் இரண்டு முறை காசு கொடுக்க நேரும்.