வெள்ளச் செய்தியை எதில் அனுப்புவது? ஒலிபெருக்கி, வானொலி, குறுஞ்செய்தி, வட்ஸ்அப்: ஓர் ஒப்பீடு

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கியபோது இலங்கையில் மணி ஏழு ஆகவில்லை. கிழக்கில் கல்முனை, மருதமுனை, காரைதீவு, நாவலடிக் கரைகளுக்குச் சுனாமி அலை வந்து சேர ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் எடுத்தது. அந்த ஊர்களில் வானொலி இருந்தது, தொலைபேசியும் இருந்தது. ஆனால் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு மறுமுனையில் இல்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், 117 என்ற அவசர இலக்கம், கரையோர எச்சரிக்கைக் கோபுரங்கள் எல்லாம் அதற்குப் பின் வந்தவை.

இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. மாரி மழையில், இரவு பதினொரு மணிக்கு, மின்சாரம் போன பிறகு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு வீட்டுக்கு எது போய்ச் சேரும் என்பதே கேள்வி. கீழே உள்ளவற்றை அந்த அளவுகோலில்தான் பார்க்கிறோம்.

முதலில் ஒலிபெருக்கி. பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கியும், ஆட்டோவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரும் காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது போல வீடுகள் நெருங்கிய ஊர்களில் இன்னும் முதலிடத்தில் நிற்கின்றன. தூங்குகிறவரை எழுப்பும், எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் புரியும், தெரிந்த குரல் என்பதால் நம்பிக்கை உண்டு. 12 வோல்ட் பற்றரியில் ஓடும் அம்ப்ளிபயர் இருந்தால் மின்சாரம் தேவையில்லை. பல இடங்களில் அது வீட்டு மின்சாரத்தில் மட்டும் ஓடுவது. தேவைப்படும் இரவில்தான் அது தெரியவரும். மாரிக்கு முன்னரே பற்றரியில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் கெட்டுப்போவது காற்றாலும் வேகத்தாலும். வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசும்போது ஒலி தென்மேற்குப் பக்கம் இழுபடும், காற்றுக்கு எதிரே இருக்கும் வீடுகளுக்குத் தகரக் கூரை மழைச் சத்தம்தான் கேட்கும். ஓடுகிற ஆட்டோவிலிருந்து படித்தால் ஒரு வீட்டுக்கு அரை வசனம் போய்ச் சேரும். சந்திக்குச் சந்தி நிறுத்தி, ஒரே வசனத்தை இரண்டு முறை, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுச் சொல்வதே பயன். வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) வாடி, அதாவது காவல் குடில், போட்டிருப்பவர்களுக்கும், மேய்ச்சல் தரையில் மாட்டுப் பட்டியோடு நிற்பவர்களுக்கும் இது எட்டாது.

வானொலியின் பலம், ஒரே செய்தி எல்லோருக்கும் ஒரே சொல்லில் போவது. நடுவில் யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இலங்கையில் வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டபோது, கம்பமும் கம்பியும் சாய்ந்தாலும் வேலை செய்யக்கூடிய கருவி ட்ரான்சிஸ்டர்தான். இன்றைக்கும் பென் பற்றரி இரண்டில் ஓடும் சின்ன ரேடியோ பல நாள் தாங்கும். போனில் ரேடியோ இருக்கிறதே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெரும்பாலான போன்களில் ஹெட்போன் வயர்தான் அன்ரனா. வயர் இல்லாவிட்டால் இரைச்சல்தான். பல புதிய போன்களில் அந்த வசதியே இல்லை. இணையத்தில் வரும் வானொலி டேற்றா போனதும் நின்றுவிடும்.

குறை என்னவென்றால், கிழக்கு மாகாணத்தில் 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்று சொல்லும் அறிவிப்பு, எந்த வீதியில் தண்ணீர் ஏறிவிட்டது என்று சொல்லாது. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு (மிகுநீரை வெளியே விடும் கதவு) எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதே கீழே இருப்பவருக்கு வேண்டிய செய்தி. அதற்கு ஊரளவில் பேசும் கருவி வேண்டும்.

இங்கேதான் குறுஞ்செய்தி வருகிறது. எங்கள் கணிப்பில், சிதறிய குடியிருப்புக்கு இதுவே சிறந்தது. இதற்கு டேற்றா வேண்டாம், பட்டன் போனுக்கும் வரும். சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது அழைப்பு அறுந்துபோனாலும் குறுஞ்செய்தி நுழைந்துவிடும். போன் அணைந்திருந்தால் சேவை நிலையத்தில் காத்திருந்து பிறகு வரும். இந்த நல்ல குணமே ஆபத்தும் ஆகும். நேற்று அனுப்பிய "நாளை கதவு திறக்கும்" இன்று போய்ச் சேர்ந்தால் ஒரு நாள் தவறிவிடும். ஆகவே இன்று, நாளை என்று எழுதாமல் திகதியும் மணியும் போட வேண்டும்.

தமிழில் எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது நீளத்தில். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழ் எழுத்து ஒன்று சேர்ந்தாலே முழுச் செய்தியும் 70 இடத்துக்குச் சுருங்கும். புள்ளியும் கொம்பும் காலும் தனி இடம் எடுக்கும். "வெள்ளம்" கண்ணுக்கு நான்கு எழுத்து, கணக்கில் ஏழு. 70ஐத் தாண்டினால் செய்தி 67 இடத் துண்டுகளாக உடைந்து போகும். நெரிசலில் ஒரு துண்டு வந்து மற்றது வராமலும் இருக்கும். ஒரே துண்டுக்குள் அடங்கும் ஒரு மாதிரி:

உன்னிச்சை வான்கதவு 26/11 இரவு 8 திறப்பு. வவுணதீவு மேட்டுக்கு போங்க

இடைவெளியோடு 66 இடம். எது, எப்போது, எங்கே, என்ன செய்வது என்ற நான்கும் இருக்கின்றன. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால் இடம் மிச்சம்தான், ஆனால் வீட்டில் இருக்கும் அம்மம்மாவுக்கு அது விளங்காது. அந்த மிச்சம் வேண்டாம்.

ஒவ்வொரு இலக்கமாக அனுப்புவதால் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் போகும்போது தாமதம் வரும். அதற்கு மாற்று செல் புரோட்காஸ்ட். போன் கோபுரத்தின் எல்லைக்குள் நிற்கும் போன்கள் எல்லாவற்றுக்கும் இலக்கம் தெரியாமலே ஒரே அலையில் போகும், நெரிசல் அதைத் தடுக்காது, 15 பக்கம் வரை நீளலாம். திடீர் அனர்த்தத்துக்கு அதைவிட வேகமானது இல்லை. ஆனால் ஊர் மட்டத்தில் எவரும் அதை அனுப்ப முடியாது, போனில் அவசர அறிவிப்பு அமைப்பு திறந்திருக்கவும் வேண்டும்.

வட்ஸ்அப் தகவல் பகிர்வை மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக மாற்றியிருக்கிறது. வானொலியில் கேட்பவர் கேட்பவராகவே இருந்தார். இதில் கேட்பவர் படம் எடுத்து அனுப்புகிறார். ஒரு பாலத்தில் தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்பதைப் பிரதேச செயலகத்துக்கு ஒரு படம் நிமிடத்தில் காட்டிவிடும். மேலே அறிக்கை அனுப்ப இதைவிட நல்ல வழி இல்லை.

கீழே எச்சரிக்கை அனுப்ப இதை நம்பக்கூடாது. மழை இரவில் முதலில் தளர்வது டேற்றா. அனுப்பிய செய்தியில் மணிக்கூட்டு அடையாளம் நின்றால் அது உங்கள் போனை விட்டே போகவில்லை. ஒரு சாம்பல் நிறச் சரி அடையாளம் என்றால் நிறுவனத்தின் சேவகக் கணினி வரை போயிருக்கிறது, அவருடைய போனுக்குப் போகவில்லை. இரண்டு சரி வரும்வரை அவருக்குத் தெரியாது என்றே கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்கு அழையுங்கள். அடுத்தது பழைய செய்தி. 2011 ஜனவரி வெள்ளப் படம் வேறொரு மாரியில் "இப்போது" என்று சுற்றலாம். குரல் பதிவில் திகதி சொல்லாவிட்டால், பகிரப் பகிர அது எப்போது பேசியது என்று தெரியாது. ஒரே நேரத்தில் ஐந்து உரையாடலுக்கு மேல் பகிர முடியாத கட்டுப்பாட்டை 2019இல் உலகம் முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். வேகம் குறைந்தது, பொய் நிற்கவில்லை. பேசத் தொடங்கும்போதே திகதி, மணி, ஊர் சொல்லிவிட்டால் அந்தப் பதிவு பிறகு எவரையும் ஏமாற்றாது.

கடலுக்குப் போனவர் கதை வேறு. ஜிஎஸ்எம் (2ஜி) போனுக்குக் கோபுரத்திலிருந்து சாதாரணமாக 35 கிலோமீற்றர்தான் எல்லை, நடைமுறையில் அதற்கு முன்பே அறுந்துவிடும். படகில் 3 மீற்றர், கரையில் 30 மீற்றர் உயரத்தில் அன்ரனா இருந்தால், படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான் பேசும். ஆனால் 16ஆம் அலைவரிசையில் பேசினால் அந்தச் சுற்றில் அதே அலைவரிசையைத் திறந்து வைத்திருக்கும் எல்லாப் படகுக்கும் ஒன்றாகக் கேட்கும். உப்பு ஏறிப் பச்சை பிடித்த அன்ரனா இணைப்பு இந்தத் தூரத்தைக் குறைத்துவிடும். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் போகும் பலநாள் கலங்களுக்கு இதுவும் போதாது, உயர் அதிர்வெண் ரேடியோ வேண்டும்.

ஆகவே ஓர் ஊருக்கு எங்கள் பரிந்துரை: கிராம உத்தியோகத்தரிடமிருந்து ஒரு துண்டுக் குறுஞ்செய்தி ஒவ்வொரு வட்டைக்கும் ஒருவருக்கு, வயல் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வட்டை விதானையும் அதில் ஒருவர். அவர் வாடி வாடியாகப் போய்ச் சொல்ல வேண்டும். ஊர் நடுவில் ஒலிபெருக்கி. வட்ஸ்அப் படத்துக்கு மட்டும். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் இரண்டு இலக்கம், இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தினது; ஒரு கோபுரத்தின் பற்றரி இறங்கினாலும் மற்றது நிற்கலாம். 10,000 மில்லி அம்பியர்-மணி பவர் பேங்க்கில் நடைமுறையில் கிடைப்பது 6,000 அளவுதான், ஒரு பெரிய போனுக்கு ஒரு தடவையும் கொஞ்சமும். பட்டன் போனுக்கு அதே பவர் பேங்க் நாலைந்து தடவை வரும், ஆகவே பட்டியலில் இருப்பவர்களிடம் ஒரு பட்டன் போன் இருக்கட்டும். இலக்கங்களை ஒக்ரோபரில் ஒருமுறை அழைத்துச் சரிபார்த்து, தாளிலும் எழுதிப் பொலித்தீனில் போட்டு வையுங்கள்.